ஒன்றரை ஷிப்ட் முடித்த கையால் எத்தனை குத்து?

திருப்பூரில் தாராபுரம் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். கழுத்து, முதுகு, தோள்பட்டை, மணிக்கட்டு என்று வழக்கமான வலிகள்தான். கொஞ்ச காலமாக அவற்றோடு இன்னொன்றும் வர ஆரம்பித்திருக்கிறது. வீங்கிய விரல் முட்டியோடு, "கராத்தே கிளாஸ் போறனுங்க", "பாக்ஸிங் கத்துக்கறனுங்க" என்று வருகிறார்கள்.

போன மாசம் வந்தவர் ஓவர்லாக் டெய்லர். 28 வயது இருக்கும். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடித்து எழும்போது இரவு எட்டரை. வாரத்தில் மூன்று நாள் ஒன்பது மணிக்குக் கராத்தே கிளாஸ், ஒரு மணி நேரம். அது போதவில்லை என்று நினைத்து, செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் ஆயிரம் குத்து என்று வீட்டு மாடியில் ஆரம்பித்திருக்கிறார். மூன்றாவது வாரத்தில் வலது கைக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது. கட்டைவிரலை உள்ளே மடித்து முஷ்டி பிடிக்கச் சொல்லி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தேன். ஆள் துள்ளிவிட்டார்.

கட்டைவிரல் தசைநாணைச் சுற்றியிருக்கும் உறை வீங்குவதால் வருகிற வலி இது. டி குவெர்வெய்ன் என்று மருத்துவத்தில் சொல்வோம். நாள் முழுக்கக் கட்டைவிரலால் துணியைப் பிடித்துத் தள்ளுகிறவருக்கு இது குத்தாமலே வரும். குத்தினால் சீக்கிரம் வரும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்குக் கை நின்றால் சனிக்கிழமைச் சம்பளமும் நின்றுவிடும். ஆனால் அவர் கேட்டது வேறு.

"ஏனுங் சார், செரியானப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை பன்ச் போடலாமுங்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரியில் படித்தபோது நானும் இதே கேள்வியோடு அலைந்தவன். பிளாக் பெல்ட் கிரேடிங்குக்கு, அதாவது பெல்ட் தேர்வுக்கு, ஒரு மாசம் இருக்கும்போது தினமும் காற்றில் ஆயிரம் குத்தினேன். ஒவ்வொரு குத்திலும் முழங்கையைப் படக்கென்று கடைசி வரை நீட்டினேன். எதிரில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாதபோது கையின் வேகத்தை முழங்கை மூட்டுதான் பிரேக் போட்டு நிறுத்த வேண்டும். பின்பக்க எலும்பு அதன் குழியில் போய்ப் போய் இடிக்கும். கிரேடிங் அன்று கையை நீட்ட முடியவில்லை. அப்புறம் நாலு மாசம் குத்தே இல்லை. யாரும் என்னை ஆயிரம் போடச் சொல்லவில்லை, நானாகப் போட்டேன்.

இந்த ஆயிரம் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஜப்பானின் ஒக்கினாவா தீவில் இடோசு அன்கோ என்ற ஆசான் 1900-களின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டு வந்தார். அவருடைய மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோ போனார். அப்புறம் பல்கலைக்கழகங்களில் கராத்தே பரவியது. ஐம்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் தனித்தனியாகத் திருத்த முடியாது. இச், நி, சான் என்று எண்ணிக்கை சொல்லிக் குத்த வைப்பதுதான் சுலபம். எண்ணிக்கைப் பழக்கம் வேரூன்றியதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அந்த மாணவர்கள் இளவட்டங்கள், தினமும் பயிற்சி செய்தவர்கள். பன்னிரண்டு மணி நேரம் மிஷின் ஓட்டிவிட்டு வந்த கைகள் இல்லை அவை.

சரி, வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. அதில் குத்துக்கு எவ்வளவு?

முதலில் எந்தக் கலை என்று பார்க்க வேண்டும். பாக்ஸிங் என்றால் குத்து மட்டும்தான், கேள்வியே இல்லை. கராத்தே போட்டியில் குத்துக்கு 1 புள்ளி, நடு உடம்புக்கு உதைத்தால் 2, தலைக்கு உதைத்தால் 3. ஆனாலும் வேகமாகப் போடக்கூடியது குத்து என்பதால் அதைத் தள்ள முடியாது. ஒலிம்பிக் பாணி டேக்வாண்டோவில் நெஞ்சுக் கவசத்தில் குத்தினால் 1 புள்ளி. முகத்தில் குத்தவே கூடாது. டேக்வாண்டோ பிள்ளை வீட்டில் தினமும் இருநூறு குத்து போடுவது, பல்லடம் போக வேண்டியவர் அவிநாசி பஸ்ஸில் ஏறின மாதிரி. நம்மூர்க் குத்துவரிசையும் சிலம்பமும் பழகுகிறவர்களுக்குக் கால் வரிசைதான் முதல் பாடம். அந்த ஆசான்கள் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறார்கள்.

கராத்தே மாதிரி கையும் காலும் கலந்த கலைக்கு என் கணக்கு இது: ஒரு மணி நேர வகுப்பில் குத்துக்கு 15 முதல் 20 நிமிஷம். மிச்சம் உடம்பைச் சூடேற்ற, உதைக்க, விலக, தூரம் பழக, ஜோடியோடு ஆட. அந்த 20 நிமிஷத்திலும் முதல் பத்து நிமிஷம் கண்ணாடி முன் மெதுவாக. அப்புறம் ஜோடி கையில் பிடிக்கும் பேடிலோ, தொங்கவிட்ட குத்து மூட்டையான பேக்கிலோ 2 நிமிஷம் வீதம் மூன்று ரவுண்ட், நடுவே ஒரு நிமிஷ ஓய்வு. ஒரு ரவுண்டில் முழுக் கவனத்தோடு 30, 35 குத்துதான் போட முடியும். ஆக ஒரு வகுப்புக்கு நூறு, வாரத்துக்கு முந்நூறு. "அவ்வளவுதானுங்களா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆறு வாரம் பாதி வேகத்தில் போட வேண்டும். காரணம் இருக்கிறது. சதை சில வாரங்களிலேயே பலமாகிவிடும். தசைநாணும் எலும்பும் அந்தப் பலத்துக்குப் பழக மாதங்கள் ஆகும். ஒரு மாசம் போனதும் தோள் "இன்னும் அடி" என்று சொல்லும், மணிக்கட்டு தயாராக இருக்காது. என்னிடம் வருகிற குத்துக்காரர்களில் நிறையப் பேர் சேர்ந்து இரண்டு மாசம் ஆனவர்கள்தான். குத்து எண்ணிக்கையைக் கூட்டுவதென்றால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள் என்பேன்.

வகுப்பு இல்லாத நாளில்? ஐந்து நிமிஷம், பேக் இல்லாமல், முழங்கையைக் கடைசி வரை நீட்டாமல். இந்த ஐந்து நிமிஷத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். வள்ளி கும்மி பழக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலமானால் கோயில் மைதானத்தில் பிள்ளைகள் முதல் பாட்டிகள் வரை நிற்பார்கள். ஆசிரியர் ஒரு அடவைச் சொல்லிக் கொடுப்பார். மறுநாள் அதையே முதலில் ஆட விட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். மூளை அசைவைப் பதிய வைத்துக்கொள்வது அப்படித்தான். பயிற்சிக்கு நடுவே இடைவெளியும் தூக்கமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐந்நூறு குத்துவதைவிட, ஆறு நாள் இருபது இருபதாகக் குத்துவது நிற்கும்.

எண்ணிக்கையை எங்கே நிறுத்துவது என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு அளவுகோல்தான் உருப்படியானது. செல்போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடியுங்கள். குத்தும்போது மணிக்கட்டு மடிகிறதா? குத்தாத கை தாடையை விட்டு இறங்குகிறதா? பின்கால் பாதம் திரும்பாமல் தோளை மட்டும் எறிகிறீர்களா? இதில் ஒன்று வந்ததும் அன்றைக்குக் குத்து முடிந்தது. அதற்கப்புறம் போடும் ஒவ்வொரு குத்தும் தப்பான அசைவைத்தான் மூளைக்குக் கற்றுக்கொடுக்கிறது.

டெய்லர் தம்பியை நான் முதலில் குத்தவே விடவில்லை. மூன்று வாரம் கட்டைவிரல் அசையாமல் பிடிக்க ஸ்பிளின்ட் போட்டு, கால் பழக விட்டேன். தரையைப் பின்பாதத்தால் தள்ளுவது, இடுப்பைத் திருப்புவது, அந்தத் திருப்பம் தோளுக்கு வந்த பிறகே கை புறப்படுவது. கையை இடுப்பில் கட்டிக்கொண்டு இதைச் செய்யச் சொன்னேன். முதல் நாள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பத்தாம் நாள், "சார், நான் இத்தன நாளும் கையில மட்டும் குத்திட்டு இருந்தனுங்க" என்றார்.

இனி கையைப் பற்றி. சுண்டுவிரல் முட்டியை இன்னொரு கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆடும். ஆட்காட்டி விரல் முட்டியை அதே மாதிரி ஆட்டுங்கள், அசையாது. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு இறுகப் பூட்டியவை, முன்கை எலும்புக்கு நேர்கோட்டில் நிற்பவை. அதனால்தான் அந்த இரண்டு முட்டியால் குத்தச் சொல்கிறார்கள். சுண்டுவிரல் பக்கம் பட்டால் முட்டிக்குக் கீழே அந்த எலும்பின் கழுத்து ஒடியும். இதற்குப் பாக்ஸர்ஸ் ஃபிராக்சர் என்று பெயர். பெயர்தான் அப்படி. என்னிடம் அதோடு வந்தவர்கள் பெரும்பாலும் கோபத்தில் சுவரையோ பீரோவையோ குத்தியவர்கள்.

அதன் அடையாளம் சொல்கிறேன். முஷ்டி பிடித்தால் ஒரு முட்டி மட்டும் அமுங்கிக் காணாமல் போயிருக்கும். அல்லது விரலை மடக்கும்போது பக்கத்து விரல் மேல் ஏறும். இப்படி இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். நம் பக்கம் இது ரொம்ப நடக்கிறது. ஒரு பையனுக்கு இரண்டு இடத்தில் உருவிவிட்டு, மூன்றாவதாக எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்குள் விரல் திரும்பியபடியே எலும்பு கூட ஆரம்பித்திருந்தது. நேரத்தில் போய்ச் சரியாகக் கட்டியிருந்தால் பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடுகிற எலும்பு அது.

இன்னொன்று, கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு சின்னக் குழி விழும். குத்திய பிறகோ கையூன்றி விழுந்த பிறகோ அந்தக் குழியில் அழுத்தினால் வலித்தால், ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டி வரும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று மறுநாளே பேக்கில் இறங்காதீர்கள். அதே மாதிரி, சண்டையில் எதிராளியின் பல் பட்டு முட்டி கிழிந்தால் எவ்வளவு சின்னக் காயமானாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வாய்க் கிருமி மூட்டுக்குள் போனால் கை புண்ணாகிவிடும்.

பேக் விஷயம். மணல் நிரப்பிய சாக்கை மாமரத்தில் தொங்கவிடுகிறார்கள். மணல் நாளாக நாளாக அடியில் இறுகிக் கல்லாகிவிடும். சிலர் சிமெண்ட் தூணில் கயிறு சுற்றி மகிவாரா என்கிறார்கள். ஒக்கினாவா மகிவாரா என்பது நட்ட பலகை. அடித்தால் பின்னால் வளைந்து கொடுக்கும். தூண் வளையுமா? நம்மூரில் இருந்துகொண்டு மணல் தேடுவதுதான் எனக்குப் புரிவதில்லை. பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற ஊர் இது. அதைச் சீராக அடைத்தால் அருமையான பேக். கைக்கட்டுத் துணி பாக்ஸிங்காரர்களுக்கு 4.5 மீட்டர். கம்பெனியில் கிடைக்கிற லைக்ரா ரிப் துணியைக் கிழித்துக் கட்டுகிறார்கள். அது இழுத்த பக்கமெல்லாம் வரும், மணிக்கட்டைப் பிடிக்காது. காட்டன் துணி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முன்கை எலும்பின் முனையில் வளரும் குருத்து, பையன்களுக்குப் பதினாறு, பதினெட்டு வயது வரைகூடத் திறந்திருக்கும். சிமெண்ட் தரையில் முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுக்க வைப்பதும், கெட்டியான பொருளைக் குத்த வைப்பதும் அந்த வயதுக்கு வேண்டாம். காற்றில் மெதுவாக, பேடில் லேசாக. மாஸ்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள். நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தற்காப்புக்கு மட்டும் பழகுகிற மில் பெண்கள் சிலரும் கேட்பதுண்டு. அவர்களுக்கு முஷ்டியைப் பழக்கவே நான் அவசரப்படுவதில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிப்பது சீக்கிரம் வரும், விரல் எலும்பும் தப்பும். மிச்ச நேரத்தில் பிடியை விடுவித்து ஓடுவதைப் பழகலாம்.

டெய்லர் தம்பி இப்போது வாரத்துக்கு முந்நூறில் இருக்கிறார். வகுப்பில்லாத நாட்களில் ஐந்து நிமிஷம் காற்றில் குத்தி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார். நேற்று இரவு பத்தரைக்கு வந்ததில் முப்பது குத்து. 26-வது குத்தில் இடது கை தாடையை விட்டு இறங்குகிறது. "இருபத்தஞ்சுல நிறுத்தியிருக்கோணும் தம்பி" என்று பதில் போட்டேன். "செரிங் சார், பார்க்கறனுங்" என்று வந்தது. பின்னாலேயே இன்னொரு வீடியோ. அதில் இருபத்தி இரண்டு.