குரக்கன் புட்டு என்றாலும் அளவு வேண்டும்

காலில் ஆறாத புண்ணோடு இந்தக் கிழமையும் ஒருவர் வந்தார். நீரிழிவுக்காரர், இரத்தத்தில் சீனி எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. "நான் சோறு தொடுறதே இல்ல டொக்டர், மூணு நேரமும் குரக்கன் புட்டுதான்" என்றார். மட்டக்களப்பில் கிளினிக் நடக்கும் நாளெல்லாம் இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

குரக்கனில், அதாவது கேழ்வரகில், நார்ச்சத்தும் கல்சியமும் நிறைய உண்டு. நல்ல சாப்பாடுதான், ஆனால் மருந்தல்ல. 100 கிராம் குரக்கன் மாவில் கிட்டத்தட்ட 70 கிராம் மாச்சத்து இருக்கிறது. அரிசியில் 78 கிராம் அளவில் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்! அந்த மாச்சத்தும் வயிற்றுக்குள் போனதும் குளுக்கோசாகத்தான் மாறும். நார்ச்சத்து இருப்பதால் கொஞ்சம் மெதுவாக ஏறலாம். நைசாக அரைத்த மாவில் அந்த நன்மையும் குறைந்துவிடும். "சீனிக்கு நல்லது" என்று இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டைத் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் சேர்த்துச் சாப்பிட்டால் சீனி ஏறாமல் என்ன செய்யும்? சிவப்பரிசிச் சோற்றுக்கும் இதே கதைதான். தேநீருக்குக் கடிக்கும் பனங்கட்டியும், தயிருக்கு ஊற்றும் கித்துள் பாணியும் சீனியேதான்.

சரி, எதைச் சாப்பிடுவது? சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்கு முருங்கையிலை, பொன்னாங்காணி, பாவற்காய், பயற்றங்காய் என்று போடுங்கள். கால் பங்கு மீன் அல்லது பருப்பு. மிஞ்சிய காலுக்குள்தான் சோறோ புட்டோ இடியப்பமோ. உருளைக்கிழங்குக் கறியை மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதுவும் மரவள்ளியும் சோற்றின் பங்கு.

கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டு வருவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த மூன்று மாதக் கதையையும் சொல்லிவிடும்.

விரதகாரருக்கும் நோன்பாளிகளுக்கும் ஒன்று. ஆடி அமாவாசையோ ரமழானோ, சில குளிசைகளையோ இன்சுலினையோ வழமைபோல எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால், அல்லது இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே போனால், உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். விரதம் முறிந்தாலும் பரவாயில்லை. மருந்தை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம். விரதம் தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னரே வந்து சொல்லுங்கள், நேரத்தையும் அளவையும் மாற்றித் தருகிறோம்.