மருமகளுக்கு ரெட்டை பிறந்தால் மாமியார் வம்சம் காரணமா?

பத்து வாரக் கர்ப்பம். ஸ்கேன் திரையில் இரண்டு பைகள், இரண்டு துடிப்புகள். "ரெட்டைம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற மாமியார் முந்திக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் ரெட்டையில பொறந்தவர் டாக்டர், கூடப் பொறந்தது தங்கச்சி. எங்க வம்சத்துலயே உண்டு." படுத்திருந்த பெண் மெதுவாக, "எங்க அம்மாச்சிக்கும் ரெட்டைதான். பெரியம்மாவும் ஒரு பையனும். பையன் தங்கல" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை, ஆனால் எனக்கு வேண்டிய தகவல் அதுதான்.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் அச்சு அசலாக ஒரே ஜாடையில் குழந்தைகள். இது எந்த நாட்டிலும் ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று, நான்குதான். பரம்பரைக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் கிடையாது. இன்னொரு வகையில் ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்து இரண்டுமே கருவாகின்றன, சாதாரண அண்ணன் தங்கை மாதிரிதான், வயிற்றில் சேர்ந்து இருந்தார்கள் அவ்வளவே. அம்மாச்சிக்குப் பிறந்தது ஒரு பெண், ஒரு பையன் என்றால் அது கண்டிப்பாக இந்த வகை. குடும்பத்தில் வருவதும் இதுதான். 2016இல் இதோடு தொடர்புள்ள இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள், அதில் ஒன்று முட்டையை வளர்க்கிற எஃப்.எஸ்.எச். ஹார்மோன் சம்பந்தப்பட்டது.

முட்டை விடுவது மனைவியின் சினைப்பை. அதனால் மாமனார் ரெட்டையில் பிறந்திருந்தாலும் மருமகளுக்கு அதனால் ஒன்றும் கூடுவதில்லை. ஆனால் அந்த மரபணு மகனிடம் சும்மா உட்கார்ந்திருந்து அவருடைய மகளுக்குப் போகலாம். 'ஒரு தலைமுறை தாண்டித்தான் ரெட்டை வரும்' என்று ஊரில் சொல்வது இப்படி வந்ததாகத்தான் இருக்கும். தாண்டியே ஆகவேண்டும் என்றெல்லாம் இல்லை, அம்மாவுக்கும் மகளுக்கும் அடுத்தடுத்து வந்த வீடுகளும் உண்டு.

அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ இப்படி ரெட்டை பிறந்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் நம் பக்கம் இயற்கையாக ஆயிரம் பிரசவத்துக்குப் பத்து ரெட்டை என்பதே அதிகம், இரட்டித்தாலும் நூற்றுக்கு இரண்டுதான். (நைஜீரியாவின் யோருபா மக்களிடம் ஆயிரத்துக்கு 40ஐத் தாண்டும், அவர்கள் கதை வேறு.) 35 வயதுக்கு மேல் கர்ப்பமானாலும், ஏற்கெனவே சில பிரசவம் ஆகியிருந்தாலும் கூடும். ஒட்டிப்பிறந்த வாழைப்பழம் சாப்பிட்டால் ரெட்டை பிறக்கும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது மாத்திரை விஷயத்தில். குழந்தை தள்ளிப்போகிறது என்று அக்காவுக்கு எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கலில் குளோமிஃபீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். முட்டையைத் தூண்டுகிற மாத்திரை அது. அதில் கர்ப்பமாகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு ரெட்டை. அப்படி ஒரு பெண் ஏழாம் மாதம் வலியோடுதான் முதல்முறை என்னிடம் வந்தாள், ரெட்டை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா வழியில் ரெட்டை இருந்தால் மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேனில் எத்தனை முட்டை வளர்கிறது என்று பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது.

அப்புறம், ரெட்டை என்று தெரிந்தால் 11லிருந்து 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் அவசியம். இரண்டுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடியா, ஒரே நஞ்சுக்கொடியா என்று அப்போது தெளிவாகத் தெரியும். ஒரே நஞ்சு என்றால் ஒரு குழந்தைக்கு ரத்தம் கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் போகிற ஆபத்து உண்டு, 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தப் பெண்ணுக்குத் தனித்தனி நஞ்சு. மாமியாருக்குத்தான் முகம் வாடிவிட்டது. "அப்ப எங்க வம்சத்துக்கு இதுல ஒண்ணுமே இல்லையா?" உங்கள் மகனுக்குப் பெண் பிறந்து அவள் வளர்ந்து கர்ப்பமாகும்போது பார்க்கலாம் என்றேன். உடனே குனிந்து திரையைப் பார்த்தார். "அப்ப இதுல ஒண்ணு பொண்ணா டாக்டர்?" அதற்கு மட்டும் நான் வாயே திறப்பதில்லை.