மருந்துப் பொட்டலமும் வரிக் கணக்கும்

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு டாக்டர் என் கிளையன்ட். நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நூறு ரூபாய் ஃபீஸ். அதற்குள்ளேயே மூன்று நாள் மாத்திரையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். போன வருஷம், "ஆடிட்டர் சார், பொட்டலத்தை நிறுத்திரலாமா?" என்று கேட்டார். காரணம் மருத்துவம் இல்லை, வரி.

வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு (2026 ஏப்ரலில் வந்த புதுச் சட்டத்தில் எண் மாறியிருக்கிறது, கணக்கு அதேதான்) என்ன சொல்கிறது? வருஷ வசூல் 50 லட்சத்துக்குள் இருந்தால், பாதியை லாபமாகக் காட்டிவிட்டுப் போகலாம். கணக்குப் புத்தகம் வேண்டாம். சீட்டு மட்டும் எழுதித் தரும் டாக்டருக்கு மருந்துச் செலவு இல்லை, அவருக்கு இது வரம். மருந்தும் கொடுப்பவருக்கு?

ஒரு உதாரணம். தினம் நூறு பேர், 300 நாள்: வசூல் 30 லட்சம். மருந்து, வாடகை, கம்பவுண்டர் சம்பளம் போக நிஜ லாபம் 10 லட்சம் என்று வையுங்கள். 2025-26க்கான புதிய வரித்திட்டத்தில் அதற்கு வரியே இல்லை. பாதிக் கணக்கில் 15 லட்சம் ஆகிவிடும். வரி, செஸ் சேர்த்து 1,09,200 ரூபாய்.

நிஜ லாபத்தையே காட்டலாம்தான். ஆனால் கணக்கு எழுதி ஆடிட் செய்ய வேண்டும். (எனக்கு வரும்படிதான், இருந்தாலும் சொல்கிறேன்.) அதோடு, பழைய விதிகளில் படிவம் 3சி என்றிருந்தது: நோயாளி பெயர், என்ன வைத்தியம், எவ்வளவு ஃபீஸ் என்று தினசரிப் பதிவேடு. கூட்டம் முண்டும் நேரத்தில் கம்பவுண்டர் எழுதிய நோட்டைப் பார்த்தேன். ஸ்பிரிட் சிந்தி மை கலைந்த பக்கத்தில் ஆறு 'செல்வி'கள், ஃபீஸ் கட்டம் காலி.

கடைசியில் பொட்டலம் நின்றது. ஃபீஸ் குறையவில்லை. இப்போது சீட்டோடு மெடிக்கலில் நிற்பவர்கள், "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க" என்கிறார்கள்.

டாக்டர் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதனாலேயே, வாடகையில் கட்டிய 18 சதவீதத்தை அவரால் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதுவும் ஃபீஸில்தான் ஏறும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறுபது தாண்டிய அப்பா, அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை, நீங்கள் பழைய வரித்திட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால், அவர்களின் வைத்தியச் செலவில் வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. ஜிபேயில் கொடுத்து, ரசீது கேளுங்கள். நம்ம டாக்டரிடம் பில் புக் இருக்கிறது. அச்சடிக்கச் சொன்னவனே நான்தான்.