நோயாளியே இல்லாத ஊரில் எதற்கு ஊசி?

"இப்பல்லாம் யாருக்குமே போலியோ இல்லையே டாக்டர், அப்புறம் எதுக்கு இது?" தடுப்பூசி முகாம்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. நியாயமானதுதான்.

ஆனால் போலியோ வைரஸ் தொற்றுபவர்களில் 200 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் கை கால் முடங்கும். பெரும்பாலோருக்கு ஒரு காய்ச்சல்கூட வராது, ஆனால் வாரக்கணக்கில் மலத்தோடு வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். முதல் குழந்தை ஆஸ்பத்திரிக்கு வரும்போது வைரஸ் ஏற்கனவே ஊரைச் சுற்றி முடித்திருக்கும். அதனால்தான் சாக்கடைத் தண்ணீரை எடுத்து, அதில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

ஹைதராபாத்தில் 2016 மே மாதம் எடுத்த கழிவுநீர் மாதிரியில் இரண்டாம் வகை போலியோ வைரஸ் (மொத்தம் மூன்று வகை) கிடைத்தது, சொட்டு மருந்தில் இருந்த பலவீனமாக்கிய வைரஸே உருமாறிய ரகம். ஒரு குழந்தைக்கும் வாதம் இல்லை. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் நாடு முழுக்கச் சொட்டு மருந்திலிருந்து அந்த வகையை நீக்கியிருந்தார்கள்; இனி சொட்டு மருந்தால் அதற்கு எதிர்ப்பு சக்தி கிடைக்காது, அதனால் யோசிக்க நேரமில்லை. ஜூனில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடித்தார்கள். இப்படி ஒரு முகாம் உங்கள் பகுதிக்கு வந்தால், "எங்க பிள்ளைக்கு எல்லாம் போட்டாச்சு" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

சாக்கடையைச் சோதிக்கும் வேலை என்னவோ எளிமைதான். எல்லா வீட்டிலும் கழிவறை பரபரப்பாக இருக்கும் காலை நேரத்தில் ஒரு லிட்டர் முகந்து, ஐஸ் பெட்டியில் லேபுக்கு அனுப்ப வேண்டும். மழைத்தண்ணீர் கலந்தால் வைரஸ் குறைந்த மாதிரி தெரியுமே என்றால், கொரோனா காலத்தில் அதைச் சரிக்கட்டப் பல லேப்கள் பயன்படுத்தியது மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸை. நம்மை ஒன்றும் செய்யாது, சாப்பாட்டோடு உள்ளே போய் அப்படியே வெளியே வரும்; அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் மனிதக் கழிவு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நம்மூர்ச் சாக்கடையில் அதற்கா பஞ்சம்!

குறையும் உண்டு. யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லாது (அது நல்லதுக்குத்தான்). செப்டிக் டேங்க்கை நம்பியிருக்கும் புறநகர் வீடுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே வராது, இதுதான் எனக்குப் பெரிய கவலை.

2022-ல் லண்டன் சாக்கடையில் போலியோ வைரஸ் தெரிந்ததும், ஒருவருக்கும் வாதம் வராத நிலையிலேயே, 1 முதல் 9 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கூடுதல் டோஸ் அறிவித்தார்கள். அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ராக்லாந்து கவுண்டியில், தடுப்பூசி போடாத ஓர் இளைஞருக்கு வாதம் வந்த பிறகுதான் பழைய கழிவுநீர் மாதிரிகளைத் தேடி எடுத்தார்கள். அவருக்கு வாதம் வருவதற்கு முன்பே அவற்றில் வைரஸ் இருந்தது. கொரோனாவுக்காகச் சேகரித்த மாதிரிகள் அவை. போலியோவுக்காக யாரும் பார்த்திருக்கவில்லை.