உக்ரைன் இரண்டாம் லீகில் மார்ச் வரை பந்து ஏன் உருளாது?

சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கால்பந்துப் புள்ளிவிவரங்களில் ஊறிப்போனவர். உக்ரைனின் இரண்டாம் லீக், அதாவது அங்கே ‘த்ருஹா லிஹா’ என்று சொல்லும் போட்டியின் 2021–22 பருவத்து ஆட்டப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். “குளிர்காலம் வந்ததும் ஆட்டங்கள் நின்றுவிடுகின்றன. முந்தைய பருவங்களிலும் இதே கதைதான், மார்ச் கடைசி வரை ஒன்றுமே இல்லை. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள்கூட ஆடுகிறார்கள். இவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை மாத விடுமுறை? பனி பெய்தால் வாரிக் கொட்டிவிட்டு ஆட வேண்டியதுதானே?”

பனியை வாரிவிடலாம், சிக்கலே இல்லை. ஆனால் ஆட்டத்தை நிறுத்துவது மேலே கிடக்கும் பனி அல்ல. அதற்கு அடியில், மண்ணுக்குள் நடக்கும் ஒரு வேலை. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் விஷயங்களில் ஒன்று அது என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மனம் துள்ளியது.

முதலில் லீகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் 16 அணிகள் ஆடும் பிரீமியர் லீக். அதன் கீழே முதல் லீக், அதற்கும் கீழே இரண்டாம் லீக். 2021–22இல் இரண்டாம் லீக் ஏ, பி என்று இரண்டு பிரிவுகளாக நடந்தது. பெரும்பாலும் சிறு நகர அணிகள். சாதாரண மண்ணில் புல் வளர்த்த மைதானங்கள். பிரீமியர் லீக் டிசம்பர் வரை இழுத்துப் பிடித்து ஆடிவிட்டு, பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ திரும்பிவிடும். இரண்டாம் லீக் அதற்கு முன்பே நின்று, அதற்குப் பின்பே தொடங்கும். நாடு அதுதான், வானிலையும் அதுதான். பணக்கார அணி முந்தி ஆடுகிறது, ஏழை அணி காத்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

சோவியத் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடித்துவிடுவார்கள். சுதந்திர உக்ரைனின் முதல் சாம்பியன்ஷிப்பையும் 1992 வசந்தத்தில் சில மாதங்களுக்குள் நடத்தி முடித்தார்கள். லிவிவ் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் தாவ்ரியா சிம்ஃபெரோபோல் அணி, டைனமோ கீவை 1–0 என வென்றது. அப்புறம் ஐரோப்பாவின் மற்ற நாடுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று கோடையில் தொடங்கி அடுத்த கோடையில் முடியும் முறைக்கு மாறினார்கள். அன்றிலிருந்து குளிர்காலம் பருவத்தின் நட்டநடுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, மண்ணுக்குள் போவோம். கீவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே. ஆனாலும் மண் சட்டென்று உறைந்துவிடாது. ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம், அதே தண்ணீரை 80 டிகிரி குளிர்விக்கும்போது வெளியேறும் வெப்பத்துக்குச் சமம். பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம்தான். அத்தனை வெப்பமும் மேலே உறைந்துவிட்ட மண்ணைக் கடந்துதான் வெளியேற வேண்டும். உறைந்த அடுக்கு தடிக்கத் தடிக்க வழி நீளும், வேகம் குறையும். அதனால் ஆழம் இரட்டிப்பாக நான்கு மடங்கு காலம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் துருவக் கடலின் பனிக்கட்டியை வைத்து யோசெஃப் ஸ்டெஃபான் கண்ட கணக்கு இது. பொறுமையாக நடக்கும் வேலை, ஆனால் குளிர்காலத்துக்கு நேரம் இருக்கிறது. கடுங்குளிர் ஆண்டுகளில் உறைவு ஒரு மீட்டர் ஆழத்தை நெருங்கிவிடும்.

உறைந்த மண் கான்கிரீட் போல இறுகும். ஷூவின் அடியில் இருக்கும் குமிழ்கள் (ஸ்டட்) இறங்காது, விழுந்தால் எலும்பு முறியலாம், மிதிபட்ட புல்லின் செல்கள் உடைந்துபோகும். ஆட்டத்தை நிறுத்த இதுவே போதும்.

ஆனால் சுவாரசியமே இனிமேல்தான். உறைந்த மைதானம் அப்படியே இருக்காது, உப்பி எழும். அதுவும் ஒரே சீராக அல்ல. இங்கே ஒரு மேடு, அங்கே ஒரு வளைவு.

ஏன் உப்புகிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: “தண்ணீர் உறைந்தால் விரியும். ஃப்ரீசரில் வைத்த பாட்டில் வெடிப்பதில்லையா?” கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. மண்ணில் 40 சதவீதம் துளைகள், அவை முழுக்கத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் ஆழத்துக்கு உறைந்தால் மேற்பரப்பு 2 சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் எழ வேண்டும். குளிர்நாடுகளில் சாலைகளும் வயல்களும் 10, 20 சென்டிமீட்டர் வரை உப்பியதைப் பார்த்திருக்கிறார்கள். மீதி எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை கண்டவர் ஸ்டீபன் டேபர் என்ற புவியியலாளர். அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். உறைபனி அவ்வளவாக எட்டிப்பார்க்காத மாநிலம் அது. 1929, 1930இல் அவர் வெளியிட்ட ஆய்வுகளில் உள்ள ஒரு சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். தண்ணீருக்குப் பதிலாக மண்ணில் பென்சீனை ஊற்றினார். பென்சீன் 5.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். முக்கியமானது என்னவென்றால், அது உறையும்போது விரியாது, சுருங்கும். விரிவதுதான் காரணம் என்றால் பென்சீன் ஊற்றிய மண் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

அதுவும் உப்பி எழுந்தது!

ஒரே சோதனையில் ஊரெல்லாம் நம்பிய விளக்கம் சரிந்தது. பிற்காலத்தில் திரவ ஹீலியத்தை வைத்துச் செய்தபோதும் இதே விளைவைக் கண்டார்கள். அப்படியானால் மண் உப்புவது அங்கே இருக்கும் நீர் விரிவதால் அல்ல; வேறு எங்கிருந்தோ புது நீர் வந்து சேர்வதால். அடியில் இருக்கும் ஈரம், குளிரை நோக்கி மேலே ஏறுகிறது.

இப்படி உறைந்த மண்ணை வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கருமண் ஒரு அடுக்கு, கண்ணாடி போலத் தெளிந்த பனிக்கட்டி ஒரு அடுக்கு, மறுபடி மண், மறுபடி பனிக்கட்டி. சில அடுக்குகள் முடியளவு, சில விரல் தடிமன். மண் கலக்காத சுத்தமான பனிக்கட்டி அது. இவற்றைப் பனிவில்லைகள் என்று சொல்லலாம்.

ஒரு பனிவில்லையின் அடிப்பக்கத்தை நெருங்கிப் பார்ப்போம். மேலே பனிக்கட்டி, கீழே மண்துகள். இரண்டும் நேரடியாக ஒட்டியிருக்கும் என்றுதான் தோன்றும். இல்லை. நடுவே சில நானோமீட்டர் தடிமனில், பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. பனிக்கட்டியின் மேல் இப்படி ஒரு ஈரத்தோல் இருக்க வேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே சொன்னார். இரண்டு பனிக்கட்டித் துண்டுகளைச் சேர்த்தால் ஒட்டிக்கொள்வதை வைத்து அவர் கண்டுகொண்டது. குளிர் கூடக்கூட இந்தப் படலம் மெலியும். மெலிந்த படலத்துக்குத் தாகம் அதிகம். கீழே, கொஞ்சம் வெதுவெதுப்பான பக்கத்திலிருந்து நீரை உறிஞ்சும். வந்த நீரில் ஒரு பகுதி உறைந்து வில்லையோடு சேரும். படலம் மறுபடி மெலியும், மறுபடி உறிஞ்சும்.

விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் எண்ணெய் எரிய எரிய அடியிலிருந்து எண்ணெய் ஏறிக்கொண்டே இருக்கும். இங்கே நுனியில் எரிவதற்குப் பதில் உறைகிறது. இந்த உறிஞ்சலின் வலிமையும் சாதாரணமானதல்ல. பூஜ்யத்துக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 11 வளிமண்டல அழுத்தம் வரை எழ முடியும். ஒரு புல்தரையைத் தூக்க அதில் சிறு பங்கே போதும். கட்டடங்களின் அஸ்திவாரமே எழுந்திருக்கிறது.

இதில் இன்னொரு அழகு உண்டு. வில்லை வளரும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம், மேலிருந்து இறங்கும் குளிரைத் தடுத்து நிறுத்துகிறது. நீர் வரத்து இருக்கும்வரை குளிர் அந்த இடத்திலேயே நிற்கும், வில்லை தடித்துக்கொண்டே போகும். வரத்து குறைந்ததும் குளிர் கீழே இறங்கி அடுத்த வில்லையைத் தொடங்கும். அந்த அடுக்கடுக்கான தோற்றம் இப்படி வருவதுதான்.

எல்லா மண்ணிலும் இது ஒரே அளவில் நடக்காது. மணலில் துளைகள் பெரிது. நீர் எளிதாக ஓடும், ஆனால் உறிஞ்சும் பிடி கிடையாது. களிமண்ணில் பிடி பலமாக இருக்கும், ஆனால் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் நீர் மெதுவாகத்தான் ஊரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வண்டல் அளவுத் துகள்களில் பிடியும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. உப்புவதற்கு இதைவிட ஏற்ற மண் கிடையாது.

உக்ரைன் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட நிலம் சோர்னொசெம். கருமண் என்று பொருள். (நம் கரிசலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு வகை.) உலகத்தின் தலைசிறந்த கோதுமை விளையும் மண். இதன் அடியில் பெரும்பாலும் இருப்பது லோயஸ்: பனியுகத்தில் காற்று அள்ளிவந்து படியவைத்த புழுதி. அந்தப் புழுதியின் துகள்கள் சரியாக வண்டல் அளவில் இருக்கின்றன. ஈரத்தைப் பிடித்துவைத்துக் கோதுமைக்குக் கொடுக்கும் அதே குணம்தான் ஜனவரியில் பனிவில்லைக்கு நீர் கொடுக்கிறது.

ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். வசந்தம்தோறும் வயலில் புதுக் கற்கள் தலைகாட்டுவதைப் பார்த்த குளிர்நாட்டு விவசாயிகள், கல் மண்ணுக்குள் வளர்கிறது என்று நம்பினார்கள். சாத்தான் கொண்டுவந்து போடுகிறான் என்றும் சொன்னார்கள். கல்லைத் தூக்கியதும் இதே உறைபனிதான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பார்த்ததற்கு ஒரு காரணம் தேடினார்கள். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். “மண்ணில் பென்சீன் ஊற்றிப் பார்க்கப் போகிறேன்” என்று இன்று ஓர் ஆய்வாளர் நிதி கேட்டால், இதனால் உடனடிப் பயன் என்ன என்ற கேள்வியிலேயே அந்த விண்ணப்பம் விழுந்துவிடும். டேபர் திறந்த வழியில்தான் பிற்காலத்தில் குளிர்நாட்டுச் சாலை, ரயில் பாதை, எண்ணெய்க் குழாய் என எல்லாவற்றுக்கும் அடித்தளம் கணக்கிட்டார்கள். லடாக்கில் சாலை போடும் நம் பொறியாளர்களுக்கும் அந்தக் கணக்குதான் வேண்டும். பயனைப் பிறகு கேட்கலாம், கேள்வி நல்ல கேள்வியா என்று முதலில் பாருங்கள்.

மறுபடி மைதானத்துக்கு. மார்ச்சில் வெயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், ஜனவரியைவிட மார்ச்தான் மோசம். மண் மேலிருந்து இளகுகிறது. மேலே பத்து சென்டிமீட்டர் இளகியிருக்கும், அடியில் பனித்தகடு அப்படியே இருக்கும். குளிர்காலம் முழுக்கப் பனிவில்லைகள் சேர்த்துவைத்த உபரி நீர் ஒரே நேரத்தில் விடுதலையாகும், ஆனால் கீழே வடிய வழியில்லை. மேல்மண் கூழாகிவிடும். உக்ரைனியர்கள் இந்தக் காலத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘பெஸ்தொரிஷ்யா’: சாலையே இல்லாத நிலை. இந்தக் கூழின் மேல் 22 பேர் 90 நிமிடம் ஓடினால் புல்லின் வேர் பிய்ந்துவரும்; அந்த மைதானம் கோடை வரை தேறாது.

மைதானம் முழுக்க ஒரே நாளில் இளகுவதும் இல்லை. கீவில் டிசம்பர் நண்பகலிலேயே சூரியன் 18 டிகிரி உயரத்தைத் தாண்டாது. தெற்குப் பக்கம் பார்வையாளர் மேடை இருந்தால் அதன் நிழல் மாதக்கணக்கில் மைதானத்தின் அந்த ஓரத்திலேயே கிடக்கும். மார்ச்சில் வடக்குப் பாதி சேறாக இருக்க, நிழல் விழும் பாதி இரும்பாக இருக்கும்.

பெரிய அணிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? இயற்கை மண்ணையே தோண்டி எடுத்துவிடுகிறார்கள். சுமார் 30 சென்டிமீட்டருக்கு மணல் கலவை, அதன் அடியில் சரளைக்கல். சரளையின் இடைவெளிகள் பெரியவை என்பதால் திரி அங்கே அறுந்துவிடும், அடி ஈரம் மேலே ஏற முடியாது. மணலுக்குள் குழாய் பதித்து வெந்நீரும் ஓட விடுவார்கள். கட்டுவதற்கும் செலவு, ஒவ்வொரு குளிர்காலமும் சூடாக்குவதற்கும் செலவு. இரண்டாம் லீக் அணியால் கட்டுப்படியாகாது. அதனால்தான் அவை முன்னால் நின்று, பின்னால் தொடங்குகின்றன.

வாசகர் பார்த்த 2021–22 பட்டியலுக்கு மட்டும் இன்னொரு பதிலும் உண்டு. 1992இல் முதல் சாம்பியனான அதே பெயரைத் தாங்கிய தாவ்ரியா, அதன் ஊரான சிம்ஃபெரோபோல் இருக்கும் கிரிமியா ரஷ்யாவிடம் பறிபோனபின் கெர்சோன் பகுதியின் பெரிஸ்லாவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் இரண்டாம் லீகில் இருந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியபோது லீக் குளிர்கால இடைவேளையில் இருந்தது. மார்ச்சில் செர்னிஹிவின் யூரி ககாரின் விளையாட்டரங்கத்தில் குண்டு விழுந்து புல்தரையின் நடுவே பெரும் பள்ளம் விழுந்தது. ஆட்டங்கள் மீண்டும் தொடங்கவே இல்லை. அந்தப் பட்டியல் பாதியில் நிற்பதற்கு உறைபனி காரணமல்ல.

ஆகஸ்ட் கடைசியில் பிரீமியர் லீகின் அடுத்த பருவம் தொடங்கியது. பார்வையாளர்கள் இல்லை; சைரன் ஒலித்தால் வீரர்கள் பதுங்கிடத்துக்குப் போய், ஓய்ந்ததும் வந்து ஆடினார்கள். முந்தைய ஆண்டு இரண்டாம் லீகில் இருந்த கர்பாத்தி லிவிவும் செர்னிஹிவ் அணியும் முதல் லீகுக்கு ஏறியிருந்தன. அந்தப் பருவம் குளிர்காலத்தில் வழக்கம்போல நின்றது. 2023 வசந்தத்தில் மண் இளகியதும் மறுபடி ஆடினார்கள்.