எலும்புக்குப் பின்னால் பலகை கிடையாது

போன வாரம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வந்தார். இரண்டு மாதத்துக்கு முன் மழையில் பாசிப் பாறையில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்து, ஓரிடத்தில் பிளேட் (எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு) வைத்திருக்கிறார்கள். எலும்பு அருமையாகக் கூடியிருந்தது. கையை மேசையில் கவிழ்த்து வைத்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கச் சொன்னேன். முக்கிப் பார்த்தார். விரல் மேசையை விட்டு எழும்பவே இல்லை. "முந்தாநாள் வர தூக்கினேன் சாரே. கத்தியப் பிடிச்சப்போ டப்புன்னு ஒண்ணு போச்சு" என்றார்.

போனது கட்டைவிரலைத் தூக்கும் நாண், தசையை எலும்போடு கட்டும் கயிறு. உள்ளங்கைப் பக்கம் வைத்த பிளேட்டின் ஸ்குரு ஒன்று எலும்பைத் தாண்டிப் புறங்கைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. துளை கொஞ்சம் ஆழம், ஸ்குரு கொஞ்சம் நீளம். நாண் அதன் முனையில் உரசி உரசி அறுந்துவிட்டது. (படிக்கிற பிள்ளைகளுக்கு: வழக்கமான பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இது ஒளிந்துகொள்ளும். ஆப்பரேஷன் தியேட்டரிலேயே மணிக்கட்டை நன்றாக மடக்கி, எலும்பின் புறங்கை விளிம்பைக் காட்டும் ஸ்கைலைன் படம் ஒன்று பாருங்கள்.) இந்தக் கதையோடு என்னிடம் வரும் முதல் ஆள் இவர் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். யார் செய்தது என்று கேட்காதீர்கள். ட்ரில் பிடிக்கிற எந்தக் கைக்கும், என் கைக்கும் சேர்த்துத்தான், இது நடக்கக்கூடியது.

கூட வந்த மச்சான் ஆசாரி. போனில் ஏதோ வீடியோ பார்த்திருப்பார் போல. "இப்ப உள்ள பயலுவ கண்ணுல கண்ணாடிய மாட்டி, கேம் களிச்சாக்கும் ஆப்பரேஷன் படிக்கானுவ. பின்ன இப்படித்தான் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது விஆர் கண்ணாடி மாட்டிப் பழகும் சிமுலேட்டரை, அதாவது ஆளுக்குப் பதில் கணினியில் ஆப்பரேஷன் பழகும் கருவியை. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அண்ணாச்சி, அந்தக் கண்ணாடி வருவதற்கு முன்னால் நாங்களெல்லாம் எங்கே படித்தோம் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் அப்பாவின் காலில். உங்கள் சித்தப்பாவின் தோளில். பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று "அமுக்காதே, அமுக்காதே, நிறுத்துலே" என்று சத்தம் போட, எங்கள் முதல் துளை உயிருள்ள எலும்பில்தான் விழுந்தது. சிமுலேட்டரில் படித்த பையன் என்றால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு, அப்படி எங்கேயும் படிக்காமல் நேரே தியேட்டருக்குள் வருகிற பையனைப் பார்த்தால்தான் பயம். இன்னொன்றும் சொல்கிறேன். சிமுலேட்டரில் நூறு துளை போட்டவனை யாரும் உங்கள் மகன்மேல் தனியாக ஏவிவிடுவதில்லை. அதற்குப் பிறகும் அவன் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் செய்வான். நூற்றியோராவது துளைதான் உங்கள் வீட்டு ஆள்மேல் விழும். முதல் துளையே அங்கே விழ வேண்டுமா?

ஆசாரியிடம் ஒரு கேள்வி கேட்டேன். மரத்தில் துளை போடும்போது அடியில் என்ன வைப்பீர்கள்? "ஒரு கழிவுப் பலகை வைப்போம், அடிப்பக்கம் சிதறாம இருக்க." சரிதான். எலும்புக்குப் பின்னால் எங்களுக்குப் பலகை கிடையாது. காறை எலும்புக்கு அடியில் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய். முழங்காலுக்குப் பின்னால் காலுக்குப் போகும் தமனி. மேல்கை எலும்பை ஒட்டி, மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு. எலும்போ இரண்டு சுவர் வைத்த குழாய். முதல் சுவர் கடினம். உள்ளே மஜ்ஜை, அங்கே ட்ரில் வெண்ணெயில் போவது போலப் போகும். அப்புறம் இரண்டாம் சுவர். அது உடைகிற நொடியில் எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போகும். அமுக்கிக்கொண்டிருந்த கை முன்னால் பாய்ந்துவிடும். நாங்கள் இதைப் பிளன்ஜ் என்போம். புதுக் கை அதிகம் பாயும். ட்ரில்லின் முனையில் மாட்டும் பிட் மழுங்கியிருந்தால் இன்னும் மோசம், அமுக்குவதும் கூடும், சூடும் கூடும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட ஆரம்பிக்கும் என்று எரிக்ஸனும் ஆல்பிரெக்ட்ஸனும் முயல் எலும்பில் காட்டியது 1983-இல். இன்றைக்கும் பிட்டைத் தேயத் தேய ஓட்டிவிட்டு, சலைன் ஊற்றவும் சோம்பல்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஒரு நொடியைக் கண்ணால் படிக்க முடியாது. அதற்குத்தான் ஹேப்டிக், அதாவது எலும்பின் எதிர்ப்பைக் கையில் உணரவைக்கும் கருவி. கையில் பிடிக்கிற பேனா போன்ற பிடியோடு மோட்டார்கள் இணைந்திருக்கும். திரையில் ட்ரில் எலும்பைத் தொட்டதும் மோட்டார் உங்கள் கையைத் திருப்பித் தள்ளும். சுவர் உடைந்ததும் விட்டுவிடும். கண்ணுக்கு நொடிக்கு 90 படம் காட்டினால் போதும், ஆனால் விரலை ஏமாற்ற நொடிக்குச் சுமார் ஆயிரம் தடவை விசையைக் கணக்குப் போட வேண்டும். குறைந்தால் எலும்பு ரப்பர் மாதிரி அதிரும். எம்ஐடியில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் 'ஃபேன்டம்' என்ற இப்படியான கருவியைப் பற்றி எழுதியது 1994-இல். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைக் குடைந்து பழக, ஹாம்பர்க்கில் உருவான வாக்ஸல்-மேன் போன்றவை வந்தே பல வருடம் ஆகிறது. காது மூக்கு தொண்டைக்காரர்கள் எங்களைவிட முந்திக்கொண்டார்கள், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கருத்தரங்குக்குப் போனால் கண்ணாடியை மாட்டிவிட்டு, கையில் இரண்டு கன்ட்ரோலரையும் கொடுத்து, "சார், இதுதான் சிமுலேஷன்" என்பார்கள். அது சும்மா உர்ரென்று அதிரும், அவ்வளவுதான். எலும்புக்குள் கை காற்றில் போவதுபோலப் போகும். எந்த வரிசையில் செய்வது, பிளேட் எங்கே உட்காரும் என்பதைப் படிக்க அது நல்லது. ட்ரில் பழக உதவாது. கையைத் தடுக்காத கருவியில் பழகினால் அமுக்குகிற கெட்ட பழக்கம்தான் வளரும். கல்லூரிகளில் இதை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒரு தடவை தாங்களே துளை போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கக் காசு இல்லையா, ஆட்டுத் தொடையெலும்பு இருக்கிறது. இறைச்சிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். எலும்பை இறுக்கிக் கட்டி, பின்னால் நனைத்த பஞ்சு ஒன்று வைத்து, பஞ்சில் ஓட்டை விழாமல் துளை போட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை மத்தியானம் இதுதான் வேலை. அன்றைக்கு சனிக்கிழமை, ஆசாரியையும் உட்காரவைத்தேன். முப்பது வருடம் ட்ரில் பிடித்த கை. முதல் துளையிலேயே பஞ்சு கிழிந்தது. நாலாவதில் நின்றார். "உடையதுக்கு முன்ன சத்தம் மாறுது, இல்லியா சாரே?" என்றார். ஆமாம், மாறும். எங்கள் இரண்டாம் வருடப் பையனுக்கு இதைக் கேட்க ஒரு மாதம் பிடித்தது.

மக்களே, ட்ரில் எடுக்கும் பிள்ளைகளுக்கு: பிட்டை வழிநடத்தும் ஸ்லீவ் இல்லாமல் துளை போடாதீர்கள். 3.5 மி.மீ. ஸ்குருவுக்கு 2.5 மி.மீ. பிட், அது புதிதாக, கூராக இருக்கட்டும். துளையின் ஆழம் அளக்கும் டெப்த் கேஜைச் சந்தேகப்பட்டால் இன்னொரு முறை அளந்து பாருங்கள், ரவுண்டாக்கிப் பெரிய ஸ்குருவைப் போடாதீர்கள்.

பிளேட் வைத்தவர்களுக்கு: ஆப்பரேஷன் முடிந்த எக்ஸ்ரேயை ஃபிலிமாகவே வாங்கி வையுங்கள். டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து எடுத்த வாட்ஸ்அப் படத்தில் ஸ்குரு முனை எனக்குத் தெரியாது. புறங்கையில் விரலை அசைக்கும்போது நெருடினால், வலித்தால், எண்ணெய் போட்டு உழிந்து பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள். நாண் அறுவதற்கு முன்னால் வந்தால் ஸ்குருவைக் கழற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

குலசேகரத்துக்காரருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. சுட்டுவிரலைத் தூக்க இரண்டு நாண் உண்டு, அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குக் கட்டப்போகிறோம். மூன்று மாதத்துக்குக் கத்தி பிடிக்கக் கூடாது என்றேன். "அதுவர எனக்க மரத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டா, திரும்பத் தருவானா சாரே?" என்று கேட்டார்.