சூப்பர்லேட்டிவ்: வகுப்பு கட்டிவிடும் பட்டம்

சூப்பர்லேட்டிவ் (பெயர்ச்சொல்; பெரும்பாலும் பன்மையில், 'சீனியர் சூப்பர்லேட்டிவ்ஸ்'): அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் 12ஆம் வகுப்பு முடித்துக் கிளம்பும் மாணவர்கள், தங்களுக்குள் வாக்கெடுத்து, 'இதில் இவர்தான் முதல்' என்று ஒருவருக்கொருவர் சூட்டிக்கொள்ளும் பட்டம். பள்ளி ஆண்டுமலரில் படத்தோடு அச்சாகும். மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மதிப்பெண்ணில் முதலாக வருபவர் வாலிடிக்டோரியன். அது வேறு கணக்கு. இதே சடங்கு சில பள்ளிகளில் 'மாக் எலெக்ஷன்ஸ்', சிலவற்றில் 'ஹூஸ் ஹூ'.

சொல்லைப் பிரித்தால் 'சூப்பர்' என்பது மேலே. 'லாட்டுஸ்' என்பது தூக்கிச் செல்லப்பட்டது. சுமத்தல், தூக்கிச் செல்லுதல் என்று பொருள்படும் 'ஃபெர்ரே' என்ற லத்தீன் வினையின் எச்ச வடிவம்தான் அந்த 'லாட்டுஸ்'. மற்றவற்றுக்கெல்லாம் மேலே தூக்கி வைக்கப்பட்டது 'சூப்பர்லாட்டிவுஸ்'. டிரான்ஸ்லேட், ரிலேட் ஆகிய சொற்களின் வாலில் இருப்பதும் இதே 'லேட்'. தாமதமாக வருகிற லேட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிரேக்க இலக்கணத்தின் 'ஹூப்பர்தெட்டிக்கோஸ்' என்ற சொல்லை வைத்து ரோமானியர் இதை வார்த்தார்கள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 'டால், டாலர், டாலஸ்ட்' என்று நாம் ஒப்பித்த மூன்று படிகளில் கடைசிப் படிக்கு இதுதான் பெயர். ஆண்டுமலரின் பட்டங்கள் எல்லாம் 'பெஸ்ட்', 'மோஸ்ட்' என்று அந்த மூன்றாம் படியிலேயே தொடங்குவதால், படியின் பெயரே பட்டத்துக்கும் ஆகிவந்தது. நம் கணக்கில் ஆகுபெயர்.

கூடவே வரும் 'சீனியர்' இன்னொரு வேடிக்கை. லத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் கிழவர்; அதன் இரண்டாம் படிதான் சீனியர், அதாவது இன்னும் மூத்தவர். ஆக, 'சீனியர் சூப்பர்லேட்டிவ்' என்ற தொடரில் இரண்டாம் படி ஒன்று, மூன்றாம் படி ஒன்று. அத்தனையும் 17 வயதுப் பிள்ளைகளுக்கு.

இதைத் தமிழாக்க உட்கார்ந்தால் முதலில் இடிப்பது இலக்கணம். நெட்டை, நெட்டையர், நெட்டையஸ்ட் என்று நாம் சொல்லை வளைப்பதில்லை. ஒப்பிடும் வேலையை வேற்றுமை உருபு பார்த்துக்கொள்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்கள் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. இருவரில் ஒருவரை உயர்த்த 'விட', 'காட்டிலும்' இருக்கின்றன. ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக் காட்ட வேண்டுமென்றால் பேச்சில் தானாக வருவது 'இலேயே': 'வகுப்பிலேயே உயரமானவன் அவன்தான்.' 'இல்' கூட்டத்துக்கு வேலி போடுகிறது. ஏகாரம் அதற்குள்ளிருந்து ஒருவனைப் பிரித்து எடுக்கிறது. பிரிநிலை ஏகாரத்துக்கு இலக்கண உரைகள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு 'அவருள் இவனே கள்வன்'. வரிசையில் நிறுத்திவைத்து ஒருவனை நோக்கி விரல் நீட்டுவது. ஆண்டுமலர்க் குழு செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

'மிக' இந்த வேலைக்கு ஆகாது. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று நன்னூல் அடுக்கும் உரிச்சொற்கள் எல்லாம் மிகுதியைச் சொல்பவை. 'மிக'வும் அந்த இனம். மிக உயரமானவன் ஒரே வகுப்பில் நாலு பேர் இருக்கலாம். வகுப்பிலேயே உயரமானவன் ஒருவன்தான். 'பெஸ்ட் ஸ்மைல்' என்பதை 'மிகச் சிறந்த புன்னகை' என்று எழுதினால் பல்மருத்துவமனை விளம்பரம் மாதிரி ஆகிவிடுவது இதனால்தான். எழுத்து நடையில் வேண்டுமென்றால் குறள் 411 வழி காட்டுகிறது: 'செல்வத்துள் எல்லாந் தலை.' எதற்குள் என்று சொல்லி, எல்லாம் என்று மூடி, தலை என்று முடித்தாயிற்று.

'மோஸ்ட் லைக்லி டு' என்று தொடங்கும் பட்டங்கள்தான் பெரிய கண்ணி. 'வெற்றி பெற அதிக வாய்ப்புள்ளவர்' என்று போட்டால் தேர்தல் கருத்துக்கணிப்பின் வாடை அடிக்கும். வாய்ப்பைச் சொல்லத் தமிழில் எதிர்கால வினையாலணையும் பெயரே போதும்: 'வகுப்பிலேயே பெரிய ஆளாக வரப்போகிறவர்.' தன் பட்டமளிப்பு விழாவுக்கே நேரம் கழித்து வரக்கூடியவருக்கு, 'தன் கல்யாணத்துக்கே தாமதமாக வருபவர்' என்பது பொருத்தம். 'டீச்சர்ஸ் பெட்' என்பதற்கு டீச்சர் செல்லம் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டோம். 'கியூட்டஸ்ட் கப்பிள்' என்றால் ஜாடிக்கேத்த மூடி. 'பிக்கெஸ்ட் ஃபிளர்ட்' கடலை மன்னன். பெண்ணாக இருந்தால் கடலை ராணி. 'மோஸ்ட் சேஞ்ச்டு', அதாவது ஒன்பதாம் வகுப்பில் பார்த்ததற்கும் இன்றைக்கும் சம்பந்தமே இல்லாதவர், ஆளே மாறிப்போனவர். 'கிளாஸ் க்ளவுன்' மட்டும் எச்சரிக்கை: ஆங்கிலத்தில் அது செல்லமான பட்டம், தமிழில் கோமாளி என்றால் திட்டு. 'வகுப்பைச் சிரிக்க வைத்தவர்' என்று சுற்றித்தான் போக வேண்டும்.

இனி, மொத்தத்துக்கும் ஒரு சொல். 'விருது' பலர் கை முதலில் போகும் இடம். ஆனால் விருது என்றதும் நடுவர் குழு, மேடை, பொன்னாடை எல்லாம் வந்து நிற்கும். அந்தக் கனம் இதற்கு இல்லை. 'அடைமொழி' பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும். இது ஒரு பக்கத்தில் அச்சாகி அடங்கிவிடும். 'உச்சநிலை' இலக்கணப் படிக்குச் சரி, பிள்ளைக்குச் சரியில்லை. நம் தேர்வு 'பட்டம்'. தொகுதியாகச் சொன்னால் 'வகுப்புப் பட்டங்கள்'.

காரணம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டும் பொற்தகடு. அதைக் கட்டியதால் முடிசூட்டலே 'பட்டம் கட்டுதல்' ஆயிற்று. பட்டத்து அரசி, பட்டத்து யானை எல்லாம் அந்த வழி. பிறகு கல்லூரிப் பட்டம். பிறகு, தெருவில், 'அவனுக்கு ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள்' என்றால் கேலிப்பெயர். மகுடமும் கேலியும் ஒரே சொல்லில் இருப்பது ஆங்கிலச் சூப்பர்லேட்டிவுக்குக் கூடக் கிடைக்காத வசதி. மூலம் வடசொல் ஆயிற்றே என்பவர்கள் 'சிறப்புப்பெயர்' எனலாம். ஆனால் அதில் கேலி காணாமல் போகும். நம் ஊர்ப் பிரிவு உபசார விழாக்களில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மேல்வகுப்பாருக்கு 'டைட்டில்' கொடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அந்த டைட்டிலுக்கும் இதே சொல் பொருந்தும். ஒரு வேறுபாடுதான்: இங்கே இளையவர்கள் கொடுக்கிறார்கள், அங்கே சக மாணவர்களே வாக்குப் போடுகிறார்கள்.

அந்த வாக்கெடுப்பில்தான் பட்டம் கெடுவதும் நடக்கிறது. மே மாதம் மலர் கைக்கு வர வேண்டுமென்றால் பக்கங்கள் குளிர்காலத்திலேயே அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதனால் வாக்கு செப்டம்பர் முதல் நவம்பருக்குள் முடியும். வழக்கமாக இரண்டு சுற்று: முதலில் பெயர் முன்மொழிவு, பிறகு ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னணியில் வந்த 3 முதல் 5 பேருக்குள் இறுதி வாக்கு. முதல் சுற்றில் பெயரைத் தட்டச்சுச் செய்யவிட்டால் 'கேட்', 'கேட்டி', 'கேத்தரின்' என்று ஒரே பெண்ணின் வாக்கு மூன்றாக உடையும். பெயர்ப்பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. பட்டங்கள் 20ஐத் தாண்டினால் பிள்ளைகள் களைத்துப்போய்க் கண்ணில் முதலில் படும் பெயரை அமுக்குவார்கள். பெயர் வரிசை ஒவ்வொருவருக்கும் மாறி வரும்படி படிவத்தை அமைத்து, பள்ளி மின்னஞ்சலில் நுழைந்தவருக்கு ஒரே வாக்கு என்று பூட்டிவிடுவது நல்லது.

ஒருவருக்கு ஒரு பட்டம் என்ற விதி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கால்பந்து அணித் தலைவர் ஒருவரே ஆறு பட்டத்தை அள்ளிக்கொண்டு போவார். முன்பு பட்டத்துக்கு ஒரு ஆண், ஒரு பெண் என்று பிரித்தார்கள். இப்போது பல பள்ளிகளில் பால் பார்க்காமல் முதல் இரண்டு பேர். இதையெல்லாம்விட முக்கியமானது, கூட்டுச் சேர்ந்து செய்யும் குறும்பு: யாரோடும் பேசாத ஒரு பிள்ளைக்கு 'பேரழகர்' பட்டம் கிடைக்கும்படி ஒரு கும்பல் வாக்குப் போடும். எண்ணிக்கையில் அது வெற்றி, பிள்ளைக்கு அது அடி. அதனால் முடிவைப் பொறுப்பாசிரியர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். பட்டம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வென்றவருக்கும் இருக்க வேண்டும்.

படம் எடுப்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். வென்ற இருவரையும் சேர்த்து, பட்டத்துக்கேற்ற ஒரு பொருளைக் கையில் கொடுத்து எடுப்பது மரபு. நன்றாக உடுத்துபவருக்கு ஒரு நிலைக்கண்ணாடி, சிரிக்க வைப்பவருக்கு ஒரு வாழைப்பழத் தோல். எதிரெதிர்ப் பக்கங்களில் படத்தை விரித்துப் போட்டால் நடுமடிப்பில் ஒரு முகம் புதைந்துபோகும். இரண்டு பக்கத்தில் 10 பட்டத்துக்கு மேல் திணித்தால் முகம் தபால்தலை அளவாகிவிடும். ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கத் தொகுதி (ஃபாரம்) ஒன்று அச்சுக்குப் போய்விட்டால், பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அப்படியேதான் நிற்கும்.

பட்டத்தின் உடன்பிறப்பு 'கிளாஸ் பிராஃபெசி'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மலர்களில் பட்டங்களைவிட இதற்கே இடம் அதிகம். வகுப்பு ஒருவரைக் 'கிளாஸ் பிராஃபெட்' என்று அமர்த்தும். அவர் 20 ஆண்டு கழித்து ஒரு பயணம் போனதாகவோ, கனவு கண்டதாகவோ வைத்து, ஒவ்வொரு வகுப்புத் தோழரும் என்ன ஆனார் என்று எழுதிப் படிப்பார். கூடவே 'கிளாஸ் வில்' என்று ஒன்று, வகுப்பு உயில்: உணவுக்கூடத்து மூலை மேசையை இளையவர்களுக்கு எழுதிவைப்பது மாதிரி. பிராஃபெசிக்குத் 'தீர்க்கதரிசனம்' என்றால் வேதாகமம் நினைவுக்கு வரும். 'சோதிடம்' ஜாதகக் கட்டம் கேட்கும். நாளிதழ்களில் அரசியல் ஆருடம் என்று ஏற்கெனவே விளையாட்டாகப் புழங்கும் 'ஆருடம்' சரியான எடை: வகுப்பு ஆருடம்.

நல்ல ஆருடம் ஒரு வரி. எல்லாரும் பார்த்த ஒரு பழக்கம், அதிலிருந்து நீட்டிய ஒரு எதிர்காலம், அவ்வளவுதான். லாக்கர் சாவியைத் தினமும் தொலைப்பவர் பூட்டுக் கம்பெனி முதலாளி ஆவார். உடல், வருமானம், கல்யாணம் ஆகுமா ஆகாதா, ஜெயில் ஆகியவற்றைத் தொட்டால் சிரிப்பு அந்த வாரத்தோடு போய்விடும், அச்சு போகாது. 'முன்னுக்கு வரவே மாட்டார்' என்ற பட்டத்தைப் பொறுப்பாசிரியர்கள் இன்று அனுமதிக்காததற்கும் அதுவே காரணம். நடிகர் ராபின் வில்லியம்ஸுக்குக் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் உயர்நிலைப் பள்ளி 1969 வகுப்பு 'வகுப்பிலேயே வேடிக்கையானவர்' என்பதோடு அந்தப் பட்டத்தையும் கட்டியிருந்தது. 1998இல் அவர் ஆஸ்கர் வாங்கினார். கனெக்டிகட்டின் சோட் பள்ளியில் 1935இல் 'பெரிய ஆளாக வரப்போகிறவர்' பட்டம் ஜான் எஃப். கென்னடிக்கு. அப்போது அவர் 112 பேரில் 64ஆவது இடம்.